மஞ்சள் கடிதமும் ஏழையின் மானமும்

'மஞ்சள் கடிதம் கொடுத்தவன்' என்பது நம் ஊர்களில் ஒரு வசைமொழி. கடனை அடைக்க வகையற்றுப்போன ஒருவர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டி, 'என்னிடம் உள்ளது இவ்வளவே, நான் தரவேண்டியது இவ்வளவு, வழி காட்டுங்கள்' என்று சட்டப்படி விண்ணப்பம் செய்வதற்கே இப்பெயர். ஐ.பி. கொடுத்தல், திவாலாதல், நொடிப்பு நிலை அடைதல் என்றெல்லாம் இதனைச் சொல்வர். திருடியவனைக் கூட ஓராண்டில் மறந்துவிடும் ஊர், மஞ்சள் கடிதம் கொடுத்தவனை அவன் பேரன் திருமணத்திலும் நினைவுகூரும். இவ்வசைமொழியின் மேல் நமக்கு ஒரு வழக்கு உண்டு. அவ்வழக்கை இன்று நம் வாசகர்களின் மனச்சான்று என்னும் மன்றத்தில் தாக்கல் செய்கிறோம்.

திண்டிவனத்தை அடுத்த ஒரு சிற்றூரில் ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்த பின், ஒரு தாய் கையில் மஞ்சள் துணிப்பையுடன் சக்கிரீஸ்து வாசலில் நின்றார். பை நிறையக் கடன் அட்டைகள். "சாமி, பேசாம மஞ்ச நோட்டீஸ் குடுத்துடுன்னு எங்க அண்ணன் சொல்றாரு. அது பெரிய பாவம், நற்கருணை வாங்கக்கூடாதுன்னு எங்க குழுத் தலைவி சொல்றாங்க. நான் என்ன சாமி செய்யட்டும்?" என்றார்.

அண்ணன் சொன்னதும் தவறு. தலைவி சொன்னதும் தவறு. ஆனால் அவ்விரு தவறுகளில் ஒன்றை நாமே ஒருகாலத்தில் பீடத்திலிருந்து போதித்தோம். முதலில் அதனை ஒப்புக்கொண்டு விடுவோம்.

நம் முதல் குற்றம்

பல ஆண்டுகளுக்கு முன் விழுப்புரம் நகரில் பணியாற்றிய காலத்தில், ஒரு மறையுரையில் நாம் கடனைப் பற்றிப் பேசினோம். வாங்கிய கடனைத் திருப்பித் தராதவன் ஏழாம் கட்டளையை மீறுகிறான், சட்டத்தின் சந்துபொந்துகளில் நுழைந்து தப்பிப்பவன் கடவுளிடமிருந்து தப்ப முடியாது என்று முழங்கினோம். நல்ல மறையுரை என்று பலர் பாராட்டினர். அன்று மூன்றாம் வரிசையில் சிற்றுண்டிக் கடை நடத்தி வந்த ஒருவர் அமர்ந்திருந்தார். பதினொருவரிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்திருந்தார். மொத்தம் 6 இலட்சம் ரூபாய். மூவர் அவர்மேல் தாவா போட்டிருந்தனர். ஐ.பி. மனு கொடுக்க வக்கீல் காகிதங்களை ஆயத்தம் செய்து வைத்திருந்தார். மறுநாள் கையெழுத்திட வேண்டும்.

அவர் கையெழுத்திடவில்லை. அந்த வாரமே ஊரை விட்டுப் போனார். தண்டல்காரர் வந்து கடையின் பாத்திரங்களையும் இருசக்கர வண்டியையும் எடுத்துச் சென்றார். கைத்துணிவு உள்ளவர்கள் கிடைத்ததைப் பகிர்ந்துகொண்டனர். தன் ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து 50,000 ரூபாய் கொடுத்திருந்த விதவையான ஓர் ஆசிரியைக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. சத்தம் போடத் தெரியாதது அவர் செய்த பிழை. போனவரின் மனைவியோ, தாம் வாங்காத கடனுக்குப் புதிய புரோநோட்டுகளில் கைநாட்டு வைக்கும்படி நெருக்கப்பட்டார்.

நம் மறையுரை யாரைக் காப்பாற்றியது? கடன் கொடுத்த விதவையையா? இல்லை. நீதியையா? இல்லை. வலுத்தவன் கையை மட்டுமே வலுப்படுத்தியது. அந்த மனிதர் நீதிமன்றம் சென்றிருந்தால், கடன்காரர் அனைவரும் ஒரே பட்டியலில் வந்திருப்பர். இருந்த சிறு மனையும் கடைச் சாமான்களும் விற்கப்பட்டு, அவரவர் கடனின் அளவுக்கேற்ப அவரவர் பங்கு கிடைத்திருக்கும். 'மானம்' காக்கப் போனதால் அனைவரும் இழந்தனர். நாம் மேய்ப்பராக அல்ல, வசூல்காரரின் ஊதுகுழலாக நின்றோம்.

கடனும் மனச்சான்றும்

நீதியான கடன் மனச்சான்றைக் கட்டுப்படுத்தும் என்பது திருச்சபையின் படிப்பினை. இதில் ஐயமில்லை. முடிந்தவன் கொடுக்கவே வேண்டும். ஆனால் இயலாததைச் செய்ய எவரும் கடமைப்பட்டவர் அல்லர் என்பதும் அதே நன்னெறி இறையியலின் பழமையான விதி. குருமடத்தில் இரண்டையும் ஒரே பாடத்தில்தான் கற்றோம். ஊருக்கு வந்ததும் முதல் பாதியை மட்டும் போதிக்கிறோம்.

புனித தோமா அக்குவினா வட்டி பற்றி ஆராயும்போது, தன் தேவைக்காக வட்டிக்குக் கடன் வாங்குகிறவன் அதனால் பாவம் செய்வதில்லை என்று தெளிவாக்குகிறார். அவர் பார்வையில் பாவம் வட்டி வாங்குகிறவனுடையது. ஆனால் நம் ஊர்களில் நடப்பது என்ன? வட்டி வாங்குகிறவர் தேர்த் திருவிழாவில் குடை பிடிக்கிறார். வட்டி கொடுக்க முடியாதவர் தூணுக்குப் பின்னே ஒளிகிறார்.

மறைநூலைத் திறப்போம். ஏழாண்டுக்கு ஒருமுறை கடன்களை விட்டுவிடுக என்கிறது இணைச்சட்டம் (15:1-11). அடகாக வாங்கிய மேலாடையைக் கதிரவன் மறையுமுன் திருப்பிக் கொடு, அவன் எதைப் போர்த்திக்கொண்டு உறங்குவான் என்று கேட்கிறது விடுதலைப் பயணம் (22:26-27). மாவரைக்கும் கல்லை அடகாக வாங்காதே, அது ஓர் உயிரையே அடகு வாங்குவதாகும் என்கிறது இணைச்சட்டம் (24:6). பிள்ளைகளை அடகு வைத்த மக்களின் கூக்குரலைக் கேட்ட நெகேமியா, அவர்களை அல்ல, கடன் கொடுத்த தலைவர்களையே கூட்டி வைத்துக் கடிந்துகொண்டார் (நெகே 5). ஆண்டவர் கற்பித்த செபத்திலும், மத்தேயுவின் கிரேக்க மூலத்தில் மன்னிப்புக்கு உரியதாக நிற்கும் சொல் 'கடன்' என்பதே. ஒவ்வொரு நாளும் நாம் செபிப்பது கடன் தள்ளுபடி மனுதான்!

வியப்புக்குரியது என்னவெனில், மேலாடையையும் மாவரைக்கும் கல்லையும் பற்றிய அந்தப் பழைய நெறி நம் நாட்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலும் உண்டு. 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின் 60ஆம் பிரிவின்படி, கடனுக்காக ஒருவரின் உடுதுணி, சமையற் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவிகள், உழவரின் ஏர்க்கருவிகள் ஆகியவற்றை ஜப்தி செய்ய இயலாது. உழவர், கூலித் தொழிலாளர், வீட்டுப் பணியாளர் ஆகியோர் உரிமைகொண்டு குடியிருக்கும் வீட்டையும் அவ்வாறே. கூலித் தொழிலாளியின் கூலியையும் தொட இயலாது. 1980ஆம் ஆண்டில் நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யர், ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில், நேர்மையான ஏழையைக் கடனுக்காகச் சிறையில் அடைப்பது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவுக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். பணம் இருந்தும் கொடுக்க மறுக்கும் வஞ்சகனுக்கே சிறை. இதை நம் மக்களுள் எத்தனை பேர் அறிவர்? 'ஜெயிலுக்குப் போவாய்' என்ற ஒரு சொல்லுக்கு அஞ்சி எத்தனை தாய்மார் தாலியைக் கழற்றியிருப்பர்!

சட்டம் தருவதும் எடுப்பதும்

இப்போது அந்த மஞ்சள் கடிதத்தைப் பிரித்துப் பார்ப்போம். சென்னை போன்ற பழைய மாநிலத் தலைநகர்களுக்கு 1909ஆம் ஆண்டுச் சட்டம். விழுப்புரம், திண்டிவனம் போன்ற வெளியூர்களுக்கு 1920ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டம். நூறாண்டைக் கடந்த இச்சட்டமே நம் பகுதியின் எளியோருக்கு இன்றும் உள்ள ஒரே முறையான கதவு.

கடன் 500 ரூபாய்க்குக் குறையாமல் இருந்து, அதனை அடைக்க இயலாதவர் மனுச் செய்யலாம். எல்லாக் கடன்காரரின் பெயரும் தொகையும், தம் சொத்து முழுவதும் அதில் எழுதப்பட வேண்டும். நீதிமன்றம் அவரை நொடித்தவர் என்று அறிவித்தால், நீதிமன்ற அனுமதியின்றி எந்தக் கடன்காரரும் தனித்து அவர்மேல் நடவடிக்கை எடுக்க இயலாது. கைதிலிருந்து பாதுகாப்பும் கேட்டுப் பெறலாம். இது சட்டம் தருவது.

எடுப்பது என்ன? ஜப்தியிலிருந்து விலக்குப் பெற்றவை நீங்கலாக அவர் சொத்தெல்லாம் நீதிமன்றத்தின் அல்லது ரிசீவரின் பொறுப்பில் சேரும். விடுவிப்பு ஆணை பெறும் வரை பின்னர் வந்து சேரும் சொத்தும் அவ்வாறே. மனுவுக்கு முந்திய இரண்டாண்டுக்குள் மனைவி பேருக்கோ மைத்துனன் பேருக்கோ சும்மா எழுதி வைத்திருந்தால் அது செல்லாமற் போகலாம். சொத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறை. உள்ளாட்சித் தேர்தலில் நிற்கும் தகுதி போகும். குறித்த காலத்துக்குள் விடுவிப்புக் கேட்டு மீண்டும் மனுச் செய்யாவிட்டால் அறிவிப்பே நீக்கப்பட்டு, பழைய நிலைக்கே திரும்ப வேண்டிவரும். முதல் மனுவோடு எல்லாம் முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடுபவர் இப்படித்தான் ஏமாறுகிறார்.

இன்னும் மூன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். நகையை அடகு வைத்த கடனுக்கு இம்மனு தடையாகாது. ஈடு பெற்றவர் தம் ஈட்டின்மேல் உரிமையுடையவரே. அரசுக்குச் சேரவேண்டிய தொகையும், வஞ்சகத்தால் பெற்ற கடனும், நீதிமன்றம் விதித்த வாழ்க்கைப் பொருளுதவியும் விடுவிப்பால் தீரா. மூன்றாவதாக, கடனில் கூடச் சேர்ந்து பொறுப்பேற்றவரும் பிணையாளியும் விடுதலை அடைவதில்லை. குழுக் கடனில் ஒருத்தி விடுபட்டால் அவள் சுமை பக்கத்து வீட்டுத் தோழியின் தோளில் இறங்குகிறது.

'வீட்டில் என்ன இருக்கிறது?'

இறைவாக்கினர் ஒருவரின் விதவை, கடன்காரன் தன் இரு பிள்ளைகளை அடிமைகளாகக் கொண்டுபோக வந்துள்ளான் என்று எலிசாவிடம் அழுதாள் (2 அர 4:1-7). எலிசா அவளுக்கு ஒழுக்க உரை ஆற்றவில்லை. 'ஏன் கடன் வாங்கினாய்?' என்று கேட்கவுமில்லை. அவர் கேட்டது, உன் வீட்டில் என்ன இருக்கிறது என்பதே. பிறகு அண்டை வீட்டாரின் பாத்திரங்களைக் கேட்டு வாங்கச் சொன்னார். எண்ணெயை விற்றுக் கடனை அடை, மீதியைக்கொண்டு நீயும் பிள்ளைகளும் பிழையுங்கள் என்றார். கடன் தீர்ப்பது மட்டும் அவர் நோக்கமன்று. மீதியில் பிழைப்பதும் நோக்கம். ஆலோசனை கூறுவோர் அனைவருக்கும் இதுவே இலக்கணம்.

நாமும் அந்தத் தாயின் மஞ்சள் பையை மேசையில் கொட்டினோம். அவர் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் ஈட்டுவது சராசரி மாதம் 6,000 ரூபாய். சென்னையில் கட்டட வேலை செய்யும் கணவர் அனுப்புவது 8,000. ஆக 14,000. மூன்று குழுக் கடன்களுக்கு மாதத் தவணை 6,450. தண்டல் நாளொன்றுக்கு 100, மாதம் 3,000. புரோநோட்டில் 40,000 ரூபாய். மூன்று வட்டி, மாதம் 1,200. கூட்டினால் 10,650. மீதி 3,350 ரூபாயில் நால்வர் உண்ண வேண்டும். மகள் செவிலியர் படிப்பு தொடர வேண்டும். அப்படிப்புக்காகவே இரண்டரைப் பவுன் வங்கியில் அடகில் இருந்தது.

தண்டலின் கணக்கை ஒருமுறை பார்ப்போம். 10,000 ரூபாய்க் கடன் என்று பெயர். முதலிலேயே 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில். 100 நாள், நாளுக்கு 100. ஆண்டுக் கணக்கில் இவ்வட்டி நூற்றுக்கு நூறைத் தாண்டும். புரோநோட்டுக்கோ மூன்றாண்டில் அவர் கட்டிய வட்டி 43,200. அசல் அப்படியே நின்றது.

இந்தத் தாய்க்கு ஐ.பி. பொருந்துமா? எண்ணிப் பார்த்தோம். அவருடைய கூலியையும் குடியிருக்கும் வீட்டையும் எந்தக் கடன்காரரும் ஏற்கெனவே சட்டப்படி தொட இயலாது. அவர்மேல் வழக்கு ஏதும் இல்லை. நகையை அம்மனு மீட்காது. குழுக் கடன் தோழியர் மேல் விழும். வாய்தாவுக்கு வாய்தா கூலி இழந்து திண்டிவனம் போய்வர வேண்டும். எனவே அவருக்கு மஞ்சள் கடிதம் மருந்தன்று. அது பாவம் என்பதால் அன்று; அவர் நோய்க்கு அது பொருந்தாது என்பதால்.

விழுப்புரத்துக் கடைக்காரருக்கோ அதுவே மருந்து. பல கடன்காரர், ஈடில்லாக் கடன்கள், நிலுவையில் வழக்குகள், பகிர்ந்தளிக்கத்தக்க சிறு சொத்து, பிணையாளி எவரும் இல்லை. ஒருவருக்கு மறுக்க வேண்டியதை மற்றவருக்குப் பரிந்துரைக்க வேண்டும். கடன் பிடிவாரண்ட் வரை வந்துவிட்டதா? கடன் ஈடுள்ளதா, ஈடற்றதா? இழக்க என்ன இருக்கிறது? நம்மோடு யார் மாட்டிக்கொள்வர்? கணக்கை ஒளிக்காமல் சொல்ல ஆயத்தமா? இவ்வைந்து வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே முடிவு செய்ய வேண்டும். ஊரார் வாய்க்கு அஞ்சியும் கூடாது. அண்ணன் வாய்ச்சொல்லை நம்பியும் கூடாது.

பூட்டிய கதவு

இனி அரசை நோக்கிச் சில சொற்கள். 2016ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தை இயற்றியது. பெரு நிறுவனங்களுக்கு மட்டுமன்று, பரம ஏழைகளுக்கும் அதில் 'புதிய தொடக்கம்' என்றொரு வழி வகுக்கப்பட்டது. ஆண்டு வருமானம் 60,000 ரூபாய், சொத்து 20,000, கடன் 35,000 இவற்றுக்கு மேற்படாதவர் மனுச் செய்து கடனிலிருந்து விடுபடலாம் என்பது ஏற்பாடு. நிறுவனங்களுக்கான பகுதி நடைமுறைக்கு வந்தது. பல்லாயிரம் கோடிக் கடன்களில் வங்கிகள் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்துத் தீர்வு கண்டன. 2019 டிசம்பரில் நிறுவனங்களுக்குப் பிணை நின்ற தனிமனிதருக்கும் கதவு திறந்தது. ஏழையின் கதவு மட்டும் இதை எழுதும் இந்நாள் வரை பூட்டியே கிடக்கிறது. சட்டப் புத்தகத்தில் அச்சாகியிருக்கும், நீதிமன்றத்தில் செல்லாது.

திறந்தாலும்தான் என்ன? நம் தாயின் சொந்த வருமானம் ஆண்டுக்கு 72,000, தகுதியில்லை. ஈடற்ற கடன் மட்டுமே 35,000த்தைப் பன்மடங்கு தாண்டும், தகுதியில்லை. சொந்தக் குடியிருப்பு இருந்தாலே தகுதியில்லை என்பதால், அரசு கட்டித் தந்த காங்கிரீட் வீடே அவரை வெளியே தள்ளும். எவருக்காக இந்தக் கதவு? இங்கிலாந்தில் 2009 முதல் எளியோருக்கான கடன் நிவாரண ஆணை நடைமுறையில் உள்ளது. ஓராண்டுக் காலம் கடன்காரர் நெருங்கலாகாது. அதன்பின் கடன் நீங்கும். 2024இல் அதற்கான கட்டணத்தையே நீக்கினர். கடன் வரம்பை 50,000 பவுண்டாக உயர்த்தினர். அங்கே வரம்பு விலைவாசியோடு நடக்கிறது. இங்கே நடக்கத் தொடங்குமுன்னரே முடமாகிவிட்டது.

நம் மாநிலத்துக்கு இது புதிதுமன்று. 1938இல் இராஜாஜி அமைச்சரவை கொணர்ந்த உழவர் கடன் நிவாரணச் சட்டம், பழைய கடன்களின் வட்டி நிலுவையை நீக்கியது. அசலின் இருமடங்கு கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது என்றது. எழுபதுகளின் பிற்பகுதியிலும் 1980இலும் குறைந்த வருவாயினருக்கான கடன் நிவாரணச் சட்டங்கள் வந்தன. 2021 பிப்ரவரியில் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது. நன்று. ஆனால் தேர்தலை ஒட்டி வரும் தள்ளுபடி ஓர் அருளிரக்கம்; எவருக்கு, எப்போது என்று முன்னறிய இயலாதது. அது தண்டல்காரர் வீட்டுக்கும் போகாது. ஏழைக்கு வேண்டியது எப்போதும் திறந்திருக்கும் ஒரு கதவு. பழைய இஸ்ரயேலின் யூபிலிகூட அரசன் மனம் வைக்கும்போது வருவதன்று, நாள் குறிக்கப்பட்டது.

'இப்படி விட்டால் ஏழைக்கு யார் கடன் கொடுப்பார்?' என்று கேட்பர். நியாயமான வினாவே. ஆனால் கொடுத்தவரின் கடமையை யார் கேட்பது? 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி, குறுங்கடன் வாங்கும் குடும்பத்தின் எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகலாகாது. நம் தாயின் குடும்பத்தில் பாதி 7,000. இரண்டு குழுக் கடனும் தண்டலும் வட்டியும் முதுகில் இருக்க, மூன்றாம் கடனைக் கொண்டுவந்து திணித்தது யார்? காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்காக அழைத்துத் தொல்லை தரலாகாது, உறவினரை நச்சரிக்கலாகாது, பெயரை வெளியிட்டு அவமானப்படுத்தலாகாது என்பதும் அவ்விதியே. இரவு 9 மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்து 'பணம் வராமல் எழுந்திருக்க மாட்டேன்' என்பவர் எந்த விதியின்படி உட்கார்ந்திருக்கிறார்? கந்துவட்டிக்கு எதிராக 2003லேயே தமிழகம் சட்டம் செய்தது. மூன்றாண்டு வரை சிறை உண்டு. கட்டாய வசூலுக்கு எதிராக 2025இல் மற்றொரு சட்டமும் வந்தது. சட்டம் ஏட்டில், வசூல்காரர் திண்ணையில்.

இது வெறும் கணக்கு வழக்கன்று. 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக்கு ஒரு குடும்பம் இரையானதை நாடே கண்டது. 2019 டிசம்பரில் நம் விழுப்புரத்திலேயே கடனில் மூழ்கிய நகைத் தொழிலாளி ஒருவரின் வீட்டில் மூன்று பெண் குழந்தைகள் உட்பட ஐந்து உயிர்கள் அணைந்தன. அவர்களுக்கு முன் திறந்த கதவு ஒன்று இருக்கிறது என்று அவர்களிடம் சொல்ல ஒருவர் இருந்தாரா? நம் கோவில்கள் நூறடித் தொலைவில் இருக்க, நாம் சொன்னோமா?

நம் பணப்பெட்டி

அரசைக் கேட்டாயிற்று. இனி நம்மைக் கேட்போம். இது கசக்கும்.

நம் தாய்க்கு மூன்று வட்டிக்குப் பணம் கொடுத்தவர் வேற்று மதத்தினர் அல்லர், முன்வரிசையில் முழந்தாளிடுகிறவர். இன்னொன்று. பல ஊர்களில் திருவிழாப் பணத்தை ஊர்ப் பொதுவில் வட்டிக்கு விடுவது வழக்கம். நாம் பணியேற்ற ஒரு பங்கில், புனிதரின் திருவிழாக் கணக்கு நோட்டைப் புரட்டியபோது 'வட்டி வரவு' என்ற பத்தியில் இரண்டு வட்டி, மூன்று வட்டி என்று வரிவரியாக இருந்தது. வாங்கியவர் பெரும்பாலோர் கூலிக்காரர். அதிலும் விதவையர் பலர். அந்த வட்டியில் வாணவேடிக்கை விட்டோம்! புனிதரின் தேர் ஏழையின் முதுகில் உருண்டது. இதைத் தவறு என்று நாம் சொன்னபோது, 'சாமி, இது முன்னோர் வழக்கம்' என்றனர். நெகேமியாவின் காலத்துத் தலைவர்களுக்கும் அது வழக்கமாகவே இருந்திருக்கும்.

திருச்சபையின் மற்றொரு வழக்கமும் உண்டு. கந்துவட்டிக்காரரிடமிருந்து ஏழைகளை மீட்க, பிரான்சிஸ்கன் துறவியர் 1462இல் இத்தாலியின் பெருஜியா நகரில் இரக்கத்தின் நிதியகத்தைத் தொடங்கினர். சிறு அடகுக்குச் சிறு கடன். நடத்தும் செலவுக்கு மட்டும் சிறு கட்டணம். 1515இல் ஐந்தாம் இலாத்தரன் பொதுச்சங்கம் அதனை ஏற்றது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2000ஆம் யூபிலியை முன்னிட்டும், திருத்தந்தை பிரான்சிஸ் 2025ஆம் யூபிலியை முன்னிட்டும் ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுமாறு செல்வ நாடுகளை வேண்டினர். நாமும் அதைப் படித்துத் தலையாட்டினோம். ஏழை நாட்டின் கடனை அமெரிக்கா தள்ள வேண்டும். ஏழை வீட்டின் கடனை நம் திருவிழாக் குழு மட்டும் தள்ள வேண்டாமா?

அந்தத் தாயின் கதை முடியவில்லை. ஆனால் மூச்சு விடுகிறார். பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவாயினும், 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி அவருக்கு இலவச சட்ட உதவி உண்டு. வட்டச் சட்டப் பணிக் குழுவின் வழியே வக்கீல் ஒருவர் வந்தார். மக்கள் நீதிமன்றத்தில் அமர்ந்து பேசினர். பணக்கடன் கொடுப்போருக்கு மாநிலம் வகுத்த உச்ச வட்டி ஆண்டுக்கு 12 விழுக்காடு. அக்கணக்கில் 40,000த்துக்கு மூன்றாண்டு வட்டி 14,400தான்; கூடுதலாக வாங்கிய 28,800ஐ அசலில் கழித்தால் மீதி 11,200. முன்வரிசைக்காரர் முதலில் சினந்தார். பிறகு மாதம் 1,000 வீதம் ஓராண்டில் 12,000 வாங்கிக்கொண்டு புரோநோட்டைத் திருப்பித்தர இசைந்தார். தண்டல் முடிந்தது, மறு தண்டல் எடுக்கவில்லை. குழுக் கடன் நிறுவனங்களில் இரண்டு, தவணைக் காலத்தை நீட்டின, ஒன்று மறுத்துவிட்டது. மாதத் தவணை 4,300 ஆயிற்று. மொத்தம் 5,300, வருமானத்தின் பாதிக்குள். நகை இன்னும் வங்கியில்தான். மகள் படிக்கிறாள்.

இதற்கு வேண்டியிருந்தவை ஒரு மேசை, ஒரு தாள், கூட்டத் தெரிந்த ஒருவர், வெட்கப்படுத்தாத ஒரு செவி. எந்தப் பங்கில் இவை இல்லை? மாதத்தில் ஒரு ஞாயிறு, திருப்பலிக்குப் பின், பங்கின் வக்கீலோ ஓய்வுபெற்ற வங்கி ஊழியரோ ஒருவர் மறைக்கல்வி அறையில் அமரட்டும். கடன்பட்டோர் பையோடு வரட்டும். கணவன் இறந்த வீட்டில் புதிய புரோநோட்டு எழுதக் கேட்டால், இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கு மேல் வாரிசுக்குப் பொறுப்பில்லை என்று அங்கே சொல்லப்படட்டும். பேச்சில் தீருவதைப் பேசித் தீர்ப்போம். தீராததை, கடைக்காரரைப் போன்ற நிலையில், நீதிமன்றத்துக்கு நாமே உடன் சென்று தீர்ப்போம். திருவிழாப் பணத்தின் வட்டிப் பத்தியைச் சிவப்பு மையால் அடிப்போம்.

விழுப்புரத்தை விட்டுப் போன அந்த மனிதர் எங்கிருக்கிறார் என்பது நமக்குத் தெரியாது. இவ்வரிகள் அவர் கண்ணில் பட்டால், நம் மன்னிப்புக் கோரிக்கையாக இவற்றை ஏற்பாராக. அவருக்கு நாம் பட்ட கடன் எந்தச் சட்டத்தாலும் தள்ளுபடி ஆகாதது. இனி நம் பங்கில் எவரேனும் மஞ்சள் கடிதம் கொடுக்க நேர்ந்தால், அந்தக் கடிதத்தைச் சுட்டி எவரும் வசைபாட வேண்டாம். நீதிமன்றப் படியேறும் அவருக்குப் பக்கத்தில் ஒரு குருவின் வெள்ளை அங்கியும் தெரியட்டும்.